“அதெல்லாம் இல்லீங்க டாக்டர்”

கால் எலும்பு முறிந்து வார்டில் சேர்ந்திருந்த ஒரு தையல்காரர், மூன்றாம் நாள் இரவு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார். மிஷின் இல்லை, துணி இல்லை. போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் நீவிவிட்டார். கண்ணுக்குத் தெரியாத ஊசியில் நூல் கோத்தார். அடிபடாத காலால் மிதித்துக்கொண்டே இருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, நாடித்துடிப்பு 130. சுவரில் எறும்பு ஊர்கிறது, தட்டிவிடுங்கள் என்று நர்ஸிடம் கெஞ்சினார். வெளியே நின்ற சொந்தக்காரர்கள் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு செய்திருந்தார்கள்.

தினமும் குடித்துவந்தவருக்கு மது சட்டென்று நின்றுபோனால் வருகிற சித்தக் கலக்கம் அது. டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். அந்தக் கலக்கத்தில் ஆள் தன் தொழிலையே காற்றில் செய்துகொண்டிருப்பதை எங்கள் வேலையில் இருப்பவர்கள் அவ்வப்போது பார்ப்பார்கள். எனக்கு உறுத்தியது வேறொன்று. சேர்த்த அன்றைக்கே, குடிக்கிற பழக்கம் உண்டா என்று நான் கேட்டிருந்தேன். “அதெல்லாம் இல்லீங்க டாக்டர்” என்றார் மனைவி. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் அவர்கள் தெருக்காரர். குறிப்பெடுத்த நர்ஸ், அந்த அம்மாவின் நாத்தனாரோடு ஒன்றாகப் படித்தவர். அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டால் வேறென்ன பதில் வரும்? தப்பு என்னுடையதுதான். இப்போதெல்லாம் கதவைச் சாத்திவிட்டு, ஆளைத் தனியாக உட்கார வைத்துத்தான் கேட்கிறேன். குடிப்பீர்களா என்று ஆரம்பிப்பதில்லை. கடைசியாக எப்போது, எவ்வளவு என்று கேட்டால் பாதிக் கூச்சம் போய்விடுகிறது. (அவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சிறிய ஊரில் குடி நோய் அந்தப் பெயரோடு வராது. வயிற்றெரிச்சல், தூக்கமின்மை, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், காலையில் கை நடுக்கம், வண்டியிலிருந்து விழுந்த காயம் என்று ஏதாவது ஒரு வேஷத்தில் வரும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த இடத்தில், மறுவாழ்வு மையத்து வாசலில் நிற்பதை யாராவது பார்த்துவிட்டால் மகளின் கல்யாணம் வரை பேச்சு நீளும். அதனால் பொது மருத்துவரிடம் வயிற்று வலிக்கு வந்த நாளே பல பேருக்கு முதல் வாய்ப்பு. சில பேருக்குக் கடைசி வாய்ப்பும் அதுதான்.

சரி, நிறுத்தினால் ஏன் இந்தக் கூத்து? மூளையில் வேகத்தைக் கூட்டும் ரசாயனங்களும் உண்டு, அடக்கும் ரசாயனங்களும் உண்டு. மது அடக்கும் பக்கத்தோடு சேர்ந்துகொள்கிறது. வருடக்கணக்கில் இப்படியே போனால், மூளை அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. ஒருநாள் மது இல்லை என்றதும் பிரேக் இல்லாத வண்டியாகிவிடுகிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு ஆரம்பிக்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். சித்தக் கலக்கம் பொதுவாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில். இதைச் சரியாகக் கவனிக்காவிட்டால் உயிரே போகும். எல்லாருக்கும் இவ்வளவு தூரம் போகாது. பல பேருக்கு நடுக்கத்தோடும் தூக்கம் கெட்டதோடும் முடிந்துவிடும்.

அதனால்தான், சாமி மேல் சத்தியம் வாங்கி அறையில் வைத்துப் பூட்டிவிட்டோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. காலையில் எழுந்ததும் நடுக்கத்தை நிறுத்தவே ஒரு வாய் தேவைப்படுகிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், ஈரலோ இதயமோ ஏற்கெனவே கெட்டிருப்பவர், இவர்களெல்லாம் வீட்டில் தாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. குளோர்டயசிபாக்சைடு போன்ற மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு வாரம், பத்து நாளில் உடம்பு அடங்கிவிடும். ஈரல் மோசமாக இருந்தால் லோரசிபாம். இதெல்லாம் எந்த மருத்துவரும் கையாளக்கூடிய மருந்துகள்தான், ஆனால் கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடியவை இல்லை. அவற்றுக்கே அடிமையாகிப் போனவர்களும் என்னிடம் வருகிறார்கள்.

இன்னொரு நம்பிக்கை, ஒரு பாட்டில் குளூக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும் என்பது. நாள்பட்ட குடியால் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளூக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருந்த கொஞ்சமும் செலவாகி மூளையே பாதிக்கப்படலாம். கண் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், ஞாபகம் நிரந்தரமாகவே கெட்டுப்போகலாம். தயமின் ஊசி முதலில், இல்லையென்றால் குளூக்கோஸோடு சேர்த்து. மருத்துவமனையில் இதை நீங்களே ஞாபகப்படுத்தினாலும் தப்பில்லை, கோபித்துக்கொள்ள மாட்டோம்.

கணக்கு கேட்பவர்களுக்காக: 40 சதவீத மது 180 மில்லியில் சுமார் 57 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஈரல் ஒரு மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். இரவு 11 மணிக்குக் குடித்து முடித்தவர் காலை 6 மணிக்கு வண்டி எடுக்கும்போது தெளிந்துவிட்டதாக நினைப்பார். ரத்தத்தில் அது இன்னும் இருக்கலாம். எலுமிச்சையும் மோரும் குளியலும் இந்தக் கணக்கை மாற்றாது.

இப்போது வீட்டாரிடம் ஒரு வார்த்தை. ஒரு அம்மா கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். “தம்பிக்குத் தெரியாம குழம்புல பொடிச்சுப் போடுறேன் டாக்டர், நல்ல மாத்திரைதானே?” குடியை விட வைக்கக் கொடுக்கிற டைசல்ஃபிராம் அது. 1940-களில் டென்மார்க்கில் இதைக் குடல்புழு மருந்தாகச் சோதித்துக்கொண்டிருந்த ஆய்வாளர்கள், தாங்களே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மது அருந்தியபோது உடம்புக்கு முடியாமல் போனதால் கண்டுபிடிக்கப்பட்ட குணம் இது. மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் சரியும். இதய நோயாளிக்கு இது உயிருக்கே ஆபத்து. மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் கூட இந்த விளைவு வரலாம். தெரிந்து, ஒப்புக்கொண்டு, வீட்டார் முன்னால் தினமும் போட்டுக்கொள்கிறவருக்கு இது நல்ல துணை. தெரியாமல் கொடுத்தால் விஷம் வைப்பது போலத்தான். பையனுக்கு விஷயம் தெரியவரும் நாளில் அம்மா கையால் சாப்பிடுவதையும் விட்டுவிடுவான். அந்த அம்மாவை நான் திட்டவில்லை. ஆசையை மட்டுப்படுத்த நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன, அவனையே ஒருநாள் கூட்டி வாருங்கள் என்றேன். மூன்று மாதம் கழித்துத்தான் வந்தான். அதுவும் பல் வலி என்று சொல்லிக்கொண்டு.

மது மட்டும் பேசினால் பாதிதான். வலி மாத்திரை, இருமல் சிரப், ஊசி என்று ஓபியாய்டு என்கிற அபின் வகை மருந்துகளுக்கு அடிமையானவர்கள் நிறுத்தினால் மூக்கு ஒழுகும், கொட்டாவி விடாது, உடம்பெல்லாம் புல்லரிக்கும், வயிறு போகும். படுத்தி எடுத்தாலும் பொதுவாக உயிரை எடுக்காது. ஆபத்து அதற்கு அப்புறம்தான். சில வாரம் விலகியிருந்த உடம்பு, பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். மையத்திலிருந்து திரும்பிய முதல் வாரத்தில் பழைய அளவையே எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம். அதனால் இவர்களுக்கு ‘உடம்பைச் சுத்தம் செய்வது’ மட்டும் போதாது. அதே வகையைச் சேர்ந்த, மருத்துவர் அளந்து கொடுக்கும் புப்ரினார்ஃபின் அல்லது மெத்தடோன் மாதக்கணக்கில், சில பேருக்கு வருடக்கணக்கில் தேவைப்படும். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று கேட்பார்கள். வருடக்கணக்கில் மருந்து எடுக்கும் சர்க்கரை நோயாளியிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970-களில் பின்தொடர்ந்து பார்த்தார். அங்கே ஹெராயினுக்கு அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். காரணங்கள் பல சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, போதையோடு ஒட்டியிருந்த இடமும் ஆட்களும் கடலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நம் ஆளுக்கு அந்த வசதி கிடையாது. சிகிச்சை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் அதே முக்கு, அதே நண்பன், மாலை 6 மணிக்கு அதே வாசனை. அதனால் வீட்டாரை உட்கார வைத்து, எந்த வழியாக வேலைக்குப் போகிறார், சம்பளம் யார் கையில் வருகிறது, சாயங்காலம் என்ன செய்வார் என்று துருவித் துருவிக் கேட்கிறேன். இதெல்லாம் மருத்துவமா என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். ஆமாம், மருந்துச் சீட்டுக்குச் சமமான மருத்துவம்தான்.

குடியை விட நினைப்பவர்கள் பெயர் சொல்லாமல் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், ஒரு பங்குத் தரகரும் குடியில் சிக்கிய ஒரு மருத்துவரும் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது. பேசுவதற்கு இரண்டு பேர் போதும் என்பது சிறிய ஊருக்கு நல்ல செய்தி. பெயர் வெளியே தெரியாமல் இருப்பதுதான் இங்கே கஷ்டம், அதற்குப் போன் வழியாகவும் இணையம் வழியாகவும் நடக்கும் கூட்டங்கள் உதவுகின்றன.

தையல்காரருக்கு ஐந்தாம் நாள் தெளிந்தது. போர்வை தைத்தது எதுவும் நினைவில்லை என்றார். கால் கூடி, நால்ட்ரெக்ஸோனும் ஆரம்பித்து, பத்தாவது வாரத்தில் ஒரு சாவு வீட்டில் குடித்துவிட்டார். மறுநாள் மனைவி மட்டும் வந்து, எல்லாம் வீணாகப் போயிற்றா என்று கேட்டார். ஒரு நாள் சறுக்கியதால் அதுவரை தாண்டிய பத்து வாரம் அழிந்துவிடாது, அவரை வரச் சொல்லுங்கள் என்றேன். அதற்குப் பிறகு இன்னொரு முறையும் சறுக்கினார். இப்போதும் மாதம் ஒரு தடவை, கடைசி நோயாளியும் போன பிறகு, மருந்தகம் பக்கத்துக் கதவு வழியாகத்தான் வருகிறார். அந்தக் கதவை ஒன்பதரை வரை பூட்ட வேண்டாம் என்று காவலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.