சஃபாரி வேறு, சவாரி வேறு

ஆவணப்படங்களின் தமிழ்க்குரலிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் ‘காட்டுச் சவாரி’ ஓயாமல் காதில் விழுகிறது. சஃபாரிக்குத் தமிழாம் இது! ஓசை கொஞ்சம் ஒத்துப்போவதைத் தவிர இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.

சவாரி பாரசீகச் சொல், ஏறிச் செல்வது. சஃபாரி கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழிச் சொல், பயணம், அவ்வளவுதான். மூலம் அரபியின் ‘சஃபர்’. தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் சொந்த ஊருக்குப் பேருந்து ஏறுகிறவரையும் ‘சஃபாரி ஞ்ஜேமா’ (பயணம் நலமாகுக) என்றே வழியனுப்புவார்கள். அவர் சிங்கம் பார்க்கப் போகவில்லை. இந்த வேர் நமக்கும் புதிதல்ல. தமிழ் முஸ்லிம்கள் கடல் கடந்து போவதைச் ‘சபர்’ என்பார்கள், போனவர் சபராளி. பயணிகள் தங்கும் முசாபரி பங்களாவும் அந்த வேரில் வந்ததுதான்.

சவாரி எங்கே உதைக்கிறது என்பதைத் தான்சானியாவின் மேற்கில் ஒதுங்கிக் கிடக்கும் கட்டாவி தேசியப் பூங்காவில் பார்க்கலாம். 4,471 சதுர கிலோமீட்டர், 1974இல் பூங்காவானது. அதே நாட்டின் புகழ்பெற்ற செரங்கெட்டிப் பூங்காவில் மொய்க்கும் சுற்றுலாக் கூட்டம் இங்கே கிடையாது. துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் முன்னே போக, ஒற்றை வரிசையில் நடந்தே விலங்கு பார்க்கும் ஏற்பாடு இங்கு உண்டு. கருப்பும் நீலமும் உடுத்தக் கூடாது. அந்த நிறங்கள் ரத்தம் உறிஞ்சும் ட்செட்சி ஈயை இழுக்கும். அந்த ஈயைப் பிடிக்கும் பொறிகளையே நீலத் துணியிலும் கருப்புத் துணியிலும்தான் தைக்கிறார்கள். இப்படிக் கால் நோக நடப்பவரைச் ‘சவாரி போனார்’ என்றால் என்ன அர்த்தம்?

அடுத்த போட்டியாளர் ‘கானுலா’. கேட்க இனிமைதான். ஆனால் கட்டாவியில் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட காலத்தில் கூட்டம் கூட்டமாக விலங்கு தெரிவது கானில் அல்ல, கட்டுமா ஆற்றையொட்டிய புல்வெளியில். ஆறு வற்ற வற்ற, மிஞ்சிய சேற்றுக்குட்டைகளில் நீர்யானைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக் கிடக்கும். சுற்றியுள்ள மியோம்போ மரக்காட்டுக்குள் போனால் விலங்கு அரிதாகத்தான் கண்ணில் படும். ஈ மட்டும் தாராளம். தவிர, உலா இலக்கியத்தில் வீதியில் வருபவனைத்தான் பேதை முதல் பேரிளம்பெண் வரை எல்லாரும் பார்ப்பார்கள். இங்கே உலாப் போகிறவரே வேடிக்கை பார்க்கிறார்!

இருந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றுக்கு ‘உலா’ பொருந்தும். முகாமிலிருந்து விடியலில் கிளம்பி வெயில் ஏறுமுன் திரும்பும் ‘கேம் டிரைவ்’ அப்படிப்பட்டது. அதை வண்டி உலா எனலாம், நடந்து போவதை நடை உலா எனலாம். (இங்கே கேம் என்பது காட்டு விலங்கு. கேம் என்றதும் ‘விளையாட்டு ஓட்டம்’ என்று எழுதுபவர்களிடம் பேசிப் பயனில்லை.) சஃபாரி இவை எல்லாம் அடங்கிய முழுப் பயணம். 15 கிலோவுக்குள் மடங்கக்கூடிய துணிப்பையாகக் கட்டி, சின்ன விமானத்தில் வந்திறங்குவதும் அதில் சேர்த்தி. கெட்டிப் பெட்டி அந்த விமானத்தின் வயிற்றுக்குள் நுழையாது. சாலை வழியே வருபவர் பக்கத்து நகரமான ம்பாண்டாவிலேயே டீசலை நிரப்பிக்கொள்வதும் அதில் அடங்கும். பூங்காவுக்குள் பங்க் இல்லை. முழுமைக்கும் காட்டுயிர்ப் பயணம் என்பதே சரி. அது நீளம் என்றால் சஃபாரி என்றே எழுதுங்கள், குடி முழுகிவிடாது.

‘வேட்டைப் பயணம்’ மட்டும் வேண்டாம். 1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்த காலத்தில் சஃபாரி என்றால் வேட்டைதான். இன்று தேசியப் பூங்காவுக்குள் வேட்டை குற்றம். கட்டாவியை ஒட்டிய ருக்வா போன்ற ‘கேம் ரிசர்வ்’ பகுதிகளிலோ உரிமம் பெற்றுச் சுடலாம். ஆக, அந்தச் சொல்லுக்கு அங்கே தனி வேலை இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நம் மொழிபெயர்ப்பாளர்கள் பூங்காவுக்குப் போவதை ‘வேட்டை’ என்கிறார்கள், சுட அனுமதியுள்ள ரிசர்வைச் ‘சரணாலயம்’ என்கிறார்கள். அடைக்கலம் என்ற பொருளுள்ள சொல்லை நம்பி ஒரு வாசகர் முன்பதிவு செய்தால் என்ன ஆவது?

இந்த வரிசையில் கடைசியாக வந்திருப்பது ‘ஃபிளை கேம்ப்’புக்கு ‘ஈ முகாம்’. இரண்டொரு இரவுக்கு அடித்துப் பிரிக்கும் இலேசான கூடாரம் அது. எளிய கூடாரத் தங்கல் என்றால் முடிந்தது. ட்செட்சி ஈ கடிக்கும் ஊருக்குப் பயணக் குறிப்பு எழுதும்போதாவது இதைக் கவனிக்க வேண்டாமா?