விளையில் விட்டால் போதாதா டாக்டர்?

“நாப்பது சென்டு விளை கெடக்கு மக்ளே. அது அதுக்க பாட்டுக்கு ஓடிச் சாடிக் கெடக்கும். பின்ன எதுக்குப் பிடிச்சு நடத்தணும்?”

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் பாட்டா ஒருவர் தன் நாயைப் பற்றி என்னிடம் இப்படிக் கேட்டார். வீட்டைச் சுற்றியுள்ள தோப்பைத்தான் இங்கே விளை என்போம். எழுபத்தைந்து வயது இருக்கும். அவர் வீட்டு டைகர் ஐந்து வயது ஜெர்மன் ஷெப்பர்டு. தேங்காய் வெட்ட வந்தவரின் காலை அது கவ்விவிட்டது என்று என்னை அழைத்திருந்தார்கள். தடுப்பூசியெல்லாம் சரியாகப் போட்ட நாய்தான். ஆனாலும் கடிபட்டவரின் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் நாயைப் பார்த்தேன்.

அதற்கு முன் கண்ணில் பட்டது மதிலோரம் இருந்த தடம். விளை முழுக்கப் புல் பச்சையாகக் கிடந்தது. மதிலை ஒட்டி மட்டும் ஓர் அடி அகலத்துக்குப் புல்லே இல்லை, மண் இறுகிச் சிமென்ட் தரைபோல மினுங்கியது. கேட்டில் தொடங்கிக் கிணற்றடியைச் சுற்றி மறுபடி கேட்டுக்கே வரும் அந்தப் பாதையை ஐந்து வருடமாக டைகர் போட்டிருக்கிறது. நடுவிலே நாற்பது சென்ட் சும்மா கிடக்க, அது நடந்ததெல்லாம் அந்த ஓரத்தில் மட்டும்தான்.

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது என் காதில் விழுகிறது. வீட்டைச் சுற்றித் தென்னையும் பலாவும் நிற்கிற இடம் இங்கே பலருக்கும் உண்டு. கயிற்றிலேயே கட்டிப் போடாமல் விளையில் திறந்து விடுகிறவர்கள் நாயிடம் பிரியம் உள்ளவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விளையில் விடுவதும் நடைக்குக் கூட்டிப்போவதும் நாய்க்கு வேறு வேறு காரியங்கள்.

நாய் உலகத்தை அறிவது மூக்கால். நம் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் இருக்கும். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 10 கோடியிலிருந்து 30 கோடி வரை இருக்கின்றன. அப்படிப்பட்ட மூக்குக்கு ஒரே விளை என்பது ஒரே நாளிதழைத் தினமும் படிப்பது மாதிரி. சானல் என்று நாம் சொல்லும் பாசன வாய்க்கால் கரைக்கு வந்தால், நேற்று ராத்திரி அந்த வழியே போன கீரி, காலையில் மூத்திரம் விட்டுப்போன பக்கத்துத் தெரு நாய், மீன்காரர் கூடையை இறக்கி வைத்த இடம் என்று அதற்குப் படிக்க நிறைய இருக்கிறது. ஒரு மின்கம்பத்தடியில் மூன்று நிமிடம் நின்றால் சங்கிலியைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்களுக்கு நேரம் போகிறது என்று தோன்றும். ஆனால் நாய் வெளியே வந்தது அதற்காகத்தான்.

2019-இல் வெளியான ஓர் ஆய்வில் சில நாய்களுக்கு இரண்டு வாரம் மோப்ப விளையாட்டும், வேறு சில நாய்களுக்கு எஜமானின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். பிறகு, தீனி இருக்குமா இருக்காதா என்று தெரியாத இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்துப் பார்த்தார்கள். மோப்பம் பிடித்துப் பழகிய நாய்கள் முன்பைவிட வேகமாக அதை நோக்கிப் போயின. நல்லது கிடைக்கும் என்று எதிர்பார்க்கிற மனம் அவற்றுக்கு வந்திருந்தது. பயந்து ஒடுங்கிய நாய்களைத் தினமும் பார்க்கிற எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

கேட் பக்கம் நின்று குரைக்கும் நாய்க்கும் வருவோம். தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் வேலை முடிந்து போனார் என்று நாய்க்குத் தெரியாது, தான் விரட்டியதாகவே எடுத்துக்கொள்ளும். பேப்பர் போடும் பையன், கரண்ட் ரீடிங் எடுப்பவர், பள்ளிப் பிள்ளைகள் என்று ஒரு நாளில் பத்து முறை இப்படி ஜெயித்தால், ஐந்து வருடத்தில் அது எத்தனை முறை ஜெயித்திருக்கும்? கடைசியில் ஒருநாள் கேட் திறந்திருக்கும்போது தேங்காய் வெட்டுகிறவர் உள்ளே வருகிறார். வெளியே நடந்து பழகிய நாய்க்கு ஆட்கள் வருவதும் போவதும் ஒரு சாதாரண காட்சி. அதனால்தான் குட்டியிலேயே பழக்கச் சொல்கிறோம். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அதைக் கண்டு பின்னாளில் அதிகம் மிரளாது. அந்த வயதில் தடுப்பூசிகள் முடிந்திருக்காது, ஆகவே தரையில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவதைப் பலரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஒரு நாலு வயது லாப்ரடாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. காய்ச்சல் 105 டிகிரி. நாய்க்கு 101 முதல் 102.5 வரைதான் இயல்பு. ஈறு வெளுத்திருந்தது. “மூத்திரம் எப்படிப் போகிறது?” என்று கேட்டேன். கணவன் மனைவியைப் பார்த்தார், மனைவி மாமியாரைப் பார்த்தார். “விளைக்குப் போயிட்டு வரும் டாக்டர், நாங்க யாரும் பாக்கல்ல.” மெதுவாகப் பிடித்து வெளியே கூட்டிப்போனேன். மதிலில் காலைத் தூக்கியது. வெள்ளைச் சுண்ணாம்பில் கட்டன்சாயா, அதாவது பால் விடாத தேநீர் நிறத்தில் வழிந்தது. உண்ணியால் வரும் பபேசியா, ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் நோய். ரத்தப் பரிசோதனையிலும் அதுவே உறுதியானது. பத்து நாள் சிகிச்சைக்குப் பின் பிழைத்துக்கொண்டது. முதல்நாளே அந்த நிறத்தை யாராவது கண்டிருந்தால் இத்தனை பாடு பட்டிருக்காது.

நடைக்குக் கூட்டிப்போகிறவர் தன் நாயின் மலத்தையும் மூத்திரத்தையும் தினமும் பார்க்கிறார். முக்குகிறதா, சொட்டுச் சொட்டாகப் போகிறதா, பின்னங்காலைத் தூக்கத் தயங்குகிறதா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். விளையில் விடுகிறவருக்கு நாய் படுத்த பிறகுதான் தெரிகிறது.

அந்த லாப்ரடாருக்கு எடையும் கூடுதல், 41 கிலோ. விலாவைத் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், அதற்கு விரலை அழுத்த வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் பார்த்த லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் குறை இருந்தது. அவற்றுக்கு எவ்வளவு தின்றாலும் போதாது. விளையில் விட்டால் ஓடும் என்று நினைக்கிறோம். தனியாக விட்ட நாய் ஐந்து நிமிடம் சுற்றிவிட்டு வாசற்படியில் வந்து படுத்துக்கொள்ளும், நீங்களே ஒருநாள் கவனித்துப் பாருங்கள்.

இன்னொரு வழக்கம்தான் என்னை அதிகம் பயப்படுத்துகிறது. விடியற்காலையில் கேட்டைத் திறந்து விடுவது. “ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரும்” என்பார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் டார்ச் வெளிச்சத்தில் நடக்கிற நேரம் அது, டெம்போக்கள் வேகமாக வருகிற நேரம். இடுப்பெலும்பு உடைந்து என் மேசைக்கு வந்த நாய்களில் பெரும்பாலானவை வீட்டு நாய்கள், கழுத்தில் பெல்ட்டோடு வந்தவை. வெறிநோயும் இந்த வழியில்தான் வீட்டுக்குள் வருகிறது. மூன்று மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் வருடம் தவறாமல் ஒன்று. இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

சரி, கூட்டிப்போவதென்றால் எப்படி? நல்ல உடம்போடு இருக்கும் நாய்க்குக் காலையும் மாலையும் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நம் கடலோர ஈரக்காற்றில் வெயிலைவிடப் புழுக்கம் மோசம். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். காற்றில் ஈரம் கூடினால் அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. ஆகவே காலை ஏழுக்கு முன், மாலை ஆறுக்குப் பின். தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்களுக்குப் பத்து நிமிடமே சில நாள் அதிகம். கழுத்தை இறுக்கும் சங்கிலியைவிட நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் நல்லது.

தெருநாய்க் கூட்டம் வந்தால் ஓடக் கூடாது. நாயை உங்கள் பின்னால் நிறுத்தி, கையில் இருக்கும் குடையை அவற்றுக்கு முன் விரித்துப் பிடித்து, மெதுவாகப் பின்வாங்குங்கள். நம் ஊரில் குடை இல்லாமல் யார் வெளியே போகிறார்கள்?

சங்குத்துறை, முட்டம் பக்கம் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வலையிலிருந்து கழித்துப் போட்ட மீன்களில் பேத்தை என்னும் நச்சு மீன் கிடக்கலாம். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது, நாய் வாயில் எடுக்கும் முன் தடுத்தால்தான் உண்டு. மணலில் மலம் கழித்தால் அள்ளிக் கவரில் போடுங்கள். கொக்கிப்புழுவின் குஞ்சுகள் வெறுங்காலில் நடக்கும் குழந்தைகளின் தோல் வழியாக நுழையும். சானல் தண்ணீரையும் குடிக்க விடாதீர்கள். எலி மூத்திரத்தால் வரும் லெப்டோ என்னும் எலிக்காய்ச்சல் மழைக்காலத்தில் நாய்க்கும் வரும், நமக்கும் வரும்.

இடவப்பாதியும் துலா மழையும் கொட்டும் நாட்களில் வெளியே போக முடியாதுதான். மூன்று சிரட்டையைத் தரையில் கவிழ்த்து, ஒன்றின் கீழே வேகவைத்த முட்டைத் துண்டு வைத்து, கண்டுபிடிக்க விடுங்கள். கால் மணி நேரத்தில் மூக்கால் உழைத்து நிம்மதியாகத் தூங்கும்.

விளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி அவசரத்துக்கும், அறுவை சிகிச்சை முடிந்த நாய்க்கும், மூட்டு தேய்ந்த கிழ நாய்க்கும் அது வேண்டும். நடையில் மட்டுமே மலம் கழிக்கப் பழகிய நாய், மழை விடாத நாளில் அடக்கிக்கொண்டு தவிப்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டும் பழக்குங்கள். இருட்டிய பின் விளையில் விட்டால் விளக்கைப் போட்டு நீங்களும் நில்லுங்கள், பாம்புக்கடியோடு வரும் நாய்களில் அதிகம் அந்த நேரத்தில்தான் கடிபடுகின்றன.

நாளெல்லாம் கட்டியே போடுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவதையும் வதை என்றே சொல்கிறது.

டைகரை இப்போது காலையில் பாட்டாவின் பேத்தி சானல் கரைக்குக் கூட்டிப்போகிறாள். முதல் இரண்டு வாரம் சைக்கிளைக் கண்டால் எகிறியது, ஆட்கள் குறைந்த நேரமாகப் பார்த்துத் தூரத்தில் நிறுத்திப் பழக்கினோம். வேலைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் கூட்டில் அடைக்கிறார்கள், அதை நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மாலையில் முழங்கால் வலியோடு பாட்டாவே கலுங்கு வரை போய், அங்கே உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறார்.

போன மாதம் ஊசிக்கு வந்தபோது, நான் கேட்பதற்குள் அவரே ஒரு சின்ன டப்பாவை மேசையில் வைத்தார்.

“ரெண்டு நாளா இளக்கமா போகுது மக்ளே. நேத்து கொஞ்சம் கறுப்பா இருந்தது. அதான் கொண்டு வந்தேன்.”

நுண்ணோக்கியில் கொக்கிப்புழு முட்டைகள் தெரிந்தன. மருந்து கொடுத்து, மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு டப்பா கொண்டுவரச் சொன்னேன்.