கிரஞ்ச்: வசையாக வந்து வகையான சொல்

தொண்ணூறுகளின் மேற்கத்திய ராக் பாடல்களை நினைத்து ஏங்குகிறவர்கள் பேச்சில் ‘கிரஞ்ச்’ என்ற சொல் சீக்கிரமே வந்துவிடும். மாற்று ராக் என்ற பெரிய குடும்பத்தில், எண்பதுகளின் பிற்பாதியில் அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் முளைத்த கிளை அது. ராக்கின் வேறு இரு கிளைகளான பங்க்கின் முரட்டுத்தனமும் ஹெவி மெட்டலின் கனமும் அதில் கலந்திருக்கும். நிர்வானா, பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன், ஆலிஸ் இன் செயின்ஸ் ஆகிய குழுக்கள் எல்லாம் இந்தக் கிளையில் வைத்துப் பேசப்படுபவை. (‘கிரன்ஜ்’ என்று எழுதத் தேவையில்லை. மஞ்சளும் பஞ்சும் சொல்லத் தெரிந்த நாக்குக்குக் ‘கிரஞ்ச்’ போதும்.)

இந்த ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள் அழுக்கு. தட்டினால் உதிரும் தூசியன்று, ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும் அழுக்கு. 1960களில் அமெரிக்கக் கொச்சையில் முதலில் ‘கிரஞ்சி’ என்ற பெயரடையாகப் புழங்கி, பிறகு பெயர்ச்சொல்லானது.

சியாட்டிலில் இச்சொல் இசையோடு ஒட்டிக்கொண்ட கதை வேடிக்கையானது. 1981இல் மார்க் ஆர்ம் என்ற இளைஞர், கோபக்கார வாசகர் போல் உள்ளூர்ச் சிற்றிதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதித் தன் சொந்தக் குழுவையே திட்டினார்: கலப்படமில்லாத கிரஞ்ச், வெறும் இரைச்சல் என்று. 1987இல் சப் பாப் என்ற இசைத்தட்டு நிறுவனம், க்ரீன் ரிவர் குழுவின் தட்டை விற்க அதே சொல்லை விளம்பரத்தில் போட்டது. அந்தக் குழுவின் பாடகர் யார் தெரியுமா? அதே மார்க் ஆர்ம்தான்.

சொல் ஒலிக்குப் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. கிட்டாரிலிருந்து வரும் மின் அலையை அளவுக்கு மீறிப் பெருக்கினால் அதன் முகடுகள் தட்டையாக வெட்டுப்படும். மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பிறந்து ஓசை கரகரக்கும். கிட்டார்காரர்கள் இதையே ‘அழுக்கு ஒலி’ என்பார்கள். இப்படிக் கரகரப்பேற்றும் இரண்டு கால்மிதிப் பெட்டிகளின் பெயரைச் சேர்த்துத்தான் ஆர்மின் அடுத்த குழுவான மட்ஹனி 1988இல் ஓர் இசைத்தட்டுக்குத் தலைப்பு வைத்தது.

1991 செப்டம்பரில் வந்த நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’, அடுத்த ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் தட்டைக் கீழே தள்ளி அமெரிக்க இசைத்தட்டு விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன்பின் எல்லாருக்கும் கிரஞ்ச் வேண்டியிருந்தது. 1992 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழ், இந்தக் கூட்டத்தாரின் குழூஉக்குறிகள் என்று ஒரு சொல்லகராதியே வெளியிட்டது. கிழிந்த ஜீன்ஸுக்கு ஒரு சொல், உதவாக்கரைக்கு ஒரு சொல் என நீண்டது பட்டியல். அத்தனையும் புளுகு! சப் பாப்பில் முன்பு வேலை பார்த்த மேகன் ஜாஸ்பர், தொலைபேசியில் கேட்ட செய்தியாளரிடம் வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டிருந்தார். மறு ஆண்டு ‘பாஃப்ளர்’ இதழ் குட்டை உடைத்தது. ஜாஸ்பர் பிற்காலத்தில் அதே சப் பாப்புக்குத் தலைமை அதிகாரியானார். சொல் விளக்கம் எழுதுகிறவர்கள் சுவரில் மாட்டிவைக்க வேண்டிய கதை.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘மாற்றிசை’ ஆகாது, அது குடும்பத்தின் பெயர், கிளையின் பெயரன்று. ‘எழுச்சியிசை’, ‘கலகயிசை’ போன்று மாலை மரியாதையோடு வரும் பெயர்களும் வேண்டாம். வசவாகப் பிறந்த சொல்லைக் குளிப்பாட்டிக் கூட்டிவந்தால் அடையாளம் தெரியாது. என் தேர்வு ‘கசடு’. ‘கற்க கசடற’ என்ற குறளில் அது குற்றம், பிழை. வீட்டுப் பேச்சில் எண்ணெயின் அடியில் தங்கும் மண்டி. பிழையும் மண்டியும் இரண்டுமே இந்த இசை வேண்டுமென்றே வைத்துக்கொண்டவை. ‘அழுக்கு’ என்றால் துவைத்தால் போய்விடும் என்று தோன்றுகிறது. கசடு அப்படிப் போகாது.

வகைப் பெயராக எழுதும்போது ‘கிரஞ்ச்’ என்றே இருக்கட்டும்; ஜாஸை யாரும் பெயர்க்கவில்லையே. ஒலியின் தன்மையைச் சொல்லும்போது ‘கசட்டு ஒலி’ என்று எழுதலாம்: “பல்லவி வரை கிட்டார் தெளிவாக ஒலிக்கிறது, பல்லவியில் கசட்டு ஒலிக்கு மாறுகிறது.”