இருபதாயிரம் பேரைத் திறந்துவிட்டும் காலியாகாத சிறைகள்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "இத்தாலியில் கொலையெல்லாம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்கிறார்கள். அப்புறம் ஏன் அங்கே சிறைகள் நிரம்பி வழிகின்றன? கணக்கு உதைக்கிறதே?"

உதைக்கத்தான் செய்கிறது. 1991-இல் இத்தாலியில் சுமார் 1,900 கொலைகள் நடந்தன. மாஃபியா ஆட்டம் போட்ட காலம் அது. இப்போது ஆண்டுக்கு 300 சொச்சம். ஆனால் 1991 முடிவில் சுமார் 35 ஆயிரமாக இருந்த கைதிகள் 2024 முடிவில் 61,861 ஆகிவிட்டார்கள். அன்றைய தேதியில் சிறைகளில் இருந்த இடம் 51,312. அதிலும் சில ஆயிரம் இடங்கள் பழுதுபார்ப்பு என்று பூட்டிக் கிடந்தன.

இதைப் புரிந்துகொள்ளக் குற்றவியல் தேவையில்லை. கல்யாணப் பந்தி போதும்.

மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நிமிடத்துக்குப் பத்துப் பேர் நுழைகிறார்கள். ஒருவர் உட்கார்ந்து, சாப்பிட்டு, எழுந்து போக 25 நிமிடம். எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் எத்தனை இலை விரிந்திருக்கும்? பத்தை 25-ஆல் பெருக்குங்கள், 250. பாயசம் வர ஐந்து நிமிடம் தாமதமானால் 300 இலை வேண்டும். ஒரு ஆள்கூட அதிகம் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பாயசம்தான் தாமதம்.

உள்ளே இருப்போர் = நுழையும் வேகம் × தங்கும் காலம். இதற்கு லிட்டில் விதி என்று பெயர். பின்னாளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியரான ஜான் லிட்டில் 1961-இல் இதை நிரூபித்தார். இவ்வளவு எளிய விஷயத்துக்கு நிரூபணம் எதற்கு என்று தோன்றும். எனக்கும் கல்லூரியில் அப்படித்தான் தோன்றியது. இதன் அருமை, இது எதையெல்லாம் கண்டுகொள்வதில்லை என்பதில் இருக்கிறது. யார் முதலில் வந்தார், யார் சீக்கிரம் எழுந்தார், வருகை சீராக இருந்ததா, கும்பலாக இருந்ததா, எதுவும் அதற்கு வேண்டாம். சராசரிகள் மூன்றும் இந்தச் சமன்பாட்டுக்குள் வந்தே தீர வேண்டும்.

ஏன் என்று பார்க்கப் பள்ளி வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பெயர்கள், மேலே தேதிகள். சிறைக்கும் அப்படி ஒன்று போடுவோம். ஒருவர் உள்ளே இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டிக். ஆண்டு முடிவில் மொத்த டிக்குகளை எண்ண வேண்டும். குறுக்காக எண்ணினால் ஒவ்வொருவரும் தங்கிய நாட்கள் கிடைக்கும். கூட்டினால், வந்தவர்கள் எண்ணிக்கை பெருக்கல் சராசரித் தங்கல். நெடுக்காக எண்ணினால் ஒவ்வொரு நாளும் உள்ளே இருந்தவர்கள். கூட்டினால், சராசரிக் கூட்டம் பெருக்கல் நாட்கள். ஒரே பதிவேடு, அதே டிக்குகள். இரண்டு வழியிலும் ஒரே விடைதானே வரும்? அவ்வளவுதான் விதியின் உயிர்நாடி. ஓரத்தில் ஒரு சிக்கல் உண்டு: பதிவேடு தொடங்கும் முன்பே உள்ளே இருந்தவர்கள், முடிந்த பின்னும் இருப்பவர்கள். பதிவேடு நீள நீள அந்தப் பிழை தேய்ந்துவிடும்.

இனி இத்தாலிக்கு வருவோம்.

2006 ஜூலை முடிவில் அங்கே 60,710 கைதிகள். அந்த மாதத்தின் கடைசி நாளில் 'இந்துல்தோ' என்ற சட்டம் வெளியானது. மாஃபியா, பயங்கரவாதம் போன்ற சில குற்றங்கள் நீங்கலாக, எல்லாருக்கும் தண்டனையில் மூன்று ஆண்டு வரை தள்ளுபடி. மூன்று ஆண்டோ குறைவோ மீதமிருந்தவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். ஆகஸ்ட் முடிவில் கைதிகள் 38,847. ஒரே மாதத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் குறைந்தார்கள்.

2007 முடிவில் 48,693. 2008 முடிவில் 58,127. 2009 முடிவில் 64,791. பழைய அளவைத் தாண்டியாயிற்று.

'விட்டவர்களெல்லாம் திரும்பத் திருடிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள்' என்று சொல்லத் தோன்றும். சிலர் வந்தார்கள்தான். ஆனால் பந்திக் கணக்கைப் பாருங்கள். சாப்பிட்டு முடிக்கப்போகிறவர்களை எல்லாம் ஒரே நேரத்தில் எழுப்பிவிட்டீர்கள். கூடம் பாதி காலி. வாசலில் அதே நிமிடத்துக்குப் பத்துப் பேர் நுழைகிறார்கள். ஆனால் அடுத்த சில நிமிடங்களுக்கு எழுந்து போக ஆள் குறைவு, ஏனென்றால் போக வேண்டியவர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். நுழைவது அதே வேகம், வெளியேறுவது மந்தம். கூடம் நிரம்பாமல் என்ன செய்யும்? நுழையும் வேகமும் தங்கும் காலமும் மாறாதவரை பழைய 250 இலைக்கே வந்து நிற்கும். தொட்டியை ஒரு முறை மொண்டு கொட்டினால் மட்டம் நிரந்தரமாகக் குறையாது.

இத்தாலியில் தங்கும் காலம் மாறாமலும் இல்லை. மறுபடி குற்றம் செய்தவர்களுக்குக் கடுமை காட்டும் சட்டம் 2005 டிசம்பரிலும், கஞ்சாவையும் ஹெராயினையும் ஒரே தட்டில் வைத்த போதைப்பொருள் சட்டம் 2006 பிப்ரவரியிலும் வந்தன. ஒரு கையால் தொட்டியை மொண்டுகொண்டே மறு கையால் வடிகாலை அடைத்த கதை.

எனக்கு மிகப் பிடித்த எண்கள் இனிதான் வருகின்றன. 2008-இல் இத்தாலியச் சிறைகளுக்குள் புதிதாக நுழைந்தவர்கள் 92 ஆயிரத்துக்கும் மேல். 2019-இல் அது 46 ஆயிரமாகிவிட்டது. சரிபாதி! அப்படியானால் சிறையும் பாதி காலியாகியிருக்க வேண்டும். ஆனால் 2019 முடிவில் உள்ளே இருந்தவர்கள் 60,769.

விதியைப் போட்டுப் பாருங்கள். 2008-இல் சராசரியாக 53 ஆயிரம் பேர். 92 ஆயிரத்தால் வகுத்தால் தங்கல் ஏறக்குறைய 7 மாதம். 2019-இல் 60 ஆயிரத்தை 46 ஆயிரத்தால் வகுத்தால் பதினைந்தரை மாதம். 2008-இல் கூட்டம் ஏறிக்கொண்டிருந்ததால் அந்த ஆண்டுக்கு இது உத்தேசக் கணக்குதான். இருந்தாலும் திசை தெளிவு: வருவோர் பாதி, தங்கல் இரட்டிப்பு.

நீதிபதிகள் திடீரென்று தண்டனையை இரட்டிப்பாக்கிவிட்டார்களா? இல்லை. முன்பெல்லாம் தெருவில் பிடிபட்டவர்களைச் சிறையில் தள்ளுவார்கள், மூன்று நாளில் நீதிபதி வெளியே விட்டுவிடுவார். சுழல்கதவு என்பார்கள். 2011 இறுதியில் வந்த அவசரச் சட்டம், அப்படிப்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் வீட்டுக்காவலிலோ காவல்நிலைய லாக்கப்பிலோ வைக்கச் சொன்னது. நுழைவு எண்ணிக்கை மளமளவென்று விழுந்தது. சிறை மட்டம் அதற்கேற்ப விழவில்லை.

காரணத்தைக் கையால் போட்டுப் பார்க்கலாம். 20,000 பேர் ஆளுக்கு மூன்று நாள் தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60,000 நாட்கள். 365-ஆல் வகுத்தால் 164 படுக்கை. சரி, ஆண்டுக்கு 16 பேருக்கு மட்டும் பத்தாண்டுச் சிறை கொடுத்துக்கொண்டே இருந்தால்? 160 படுக்கை. இருபதாயிரம் பேரும் பதினாறு பேரும் ஒரே அளவு இடத்தை அடைக்கிறார்கள்! பந்தியில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ஓடுகிறவர் இலைக் கணக்கில் வருவதே இல்லை.

குற்றம் குறைந்தும் சிறை ஏன் குறையவில்லை என்ற கேள்விக்குப் பெரும்பகுதி பதில் இதுதான்.

நெரிசல் என்றால் உள்ளே எப்படி இருக்கும்? 2013 ஜனவரி 8 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மனுதாரர்கள் புஸ்தோ அர்சீத்ஸியோ, பியாசென்சா சிறைகளில் இருந்த ஏழு பேர். 9 சதுர மீட்டர் அறையில் மூன்று பேர், ஆளுக்கு 3 சதுர மீட்டர். நம் கணக்கில் 32 சதுர அடி. கடையில் விற்கும் எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை ஒன்றைத் தரையில் போட்டுப் பாருங்கள், அதுதான். எங்கள் வீட்டில் மர வேலை நடந்தபோது சாத்தி வைத்திருந்த பலகையைச் சாய்த்துப் போட்டு அதன் மேல் படுத்துப் பார்த்தேன். படுக்கத் தாராளம். ஆனால் அதன் மேல் ஒரு கட்டிலை வைத்தால் பாதிப் பலகை போய்விடும். அதனால்தான் கட்டிலைக் கழிக்க வேண்டுமா கூடாதா என்று இத்தாலியில் பல ஆண்டு வழக்கு நடந்தது. தரையோடு பொருத்திய அடுக்குக் கட்டில் என்றால் கழிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் முடிவு கட்டியது.

2013 தீர்ப்புக்குப் பிறகு இத்தாலி செய்த ஒரு ஏற்பாடு, லிட்டில் விதியைப் படித்துவிட்டுச் செய்தது போலவே இருக்கும். மனிதத்தன்மையற்ற நிலையில் கழித்த ஒவ்வொரு பத்து நாளுக்கும் தண்டனையில் ஒரு நாள் கழிவு. வெளியே வந்துவிட்டவர் என்றால் நாளுக்கு 8 யூரோ இழப்பீடு. நன்னடத்தைக்கு ஆறு மாதத்துக்கு 45 நாள் என்றிருந்த கழிவையும் தற்காலிகமாக 75 ஆக்கினார்கள். போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. எல்லாமே தங்கும் காலத்தில் கைவைப்பவை. 2012 முடிவில் 65,701 ஆக இருந்த கைதிகள் 2015 முடிவில் 52,164 ஆனார்கள். 75 நாள் சலுகை காலாவதியானது, மட்டம் மறுபடி ஏறியது.

தண்டனை பயம் வேலை செய்யாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்துல்தோவில் ஒரு கொக்கி இருந்தது: ஐந்து ஆண்டுக்குள் புதுக் குற்றம் செய்து இரண்டு ஆண்டுக்குக் குறையாத தண்டனை வாங்கினால், தள்ளுபடியான பழைய பாக்கியும் சேரும். ஒரே குற்றம், ஒரே தண்டனை பெற்ற இருவரில் முன்னதாக உள்ளே போனவருக்குப் பாக்கி இரண்டு மாதம். பின்னால் போனவருக்கு முப்பது. யாரும் திட்டமிடாமலே அமைந்த சோதனைக்கூடம்! திராகோ, கல்பியாத்தி, வெர்தோவா என்ற மூன்று பொருளியலாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு 2009-இல் ஆய்வு வெளியிட்டார்கள். பாக்கி ஒரு மாதம் கூடினால், மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு 1.3 சதவீதம் குறைகிறதாம். பயம் இருக்கிறது, கொஞ்சமாக. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று அளக்கத் தேவைப்பட்டது அரசிடம் ஏற்கெனவே இருந்த பதிவேடுகள். சிறை கட்டும் பணத்தில் நூற்றில் ஒரு பங்கை இப்படிப்பட்ட ஆய்வுக்கு ஒதுக்க எந்த அரசுக்கும் ஏனோ மனம் வருவதில்லை. 'இன்னும் கடுமையாகத் தண்டிக்கணும்' என்று மேடையில் முழங்குவது, வாசலில் பூசணிக்காய் கட்டுவதைப் போல, அளந்து பார்க்க வேண்டியதில்லாத வைத்தியம்.

இப்போதைய இத்தாலிய அரசு புது இடங்கள் கட்டப்போகிறது. 2025-இல் அறிவித்த திட்டப்படி இரண்டு ஆண்டுகளில் சுமார் 10,000 இடம். 2023-இல் சிறைக்குள் நுழைந்தவர்கள் 40 ஆயிரத்துச் சொச்சம். சராசரித் தங்கல் 17 மாதம். ஒரு செங்கல்கூட வைக்காமல் அந்தப் பத்தாயிரம் இடத்தைப் பெறச் சராசரித் தங்கலை எவ்வளவு குறைக்க வேண்டும்? பத்தாயிரத்தை நாற்பதாயிரத்தால் வகுத்தால் கால் ஆண்டு. 17 மாதம் 14 ஆக வேண்டும்.