வேட்டைக்காரர்களும் நம் அளவுக்குத்தான் கலோரி எரிக்கிறார்கள்

ஆதிமனிதனின் உணவு என்று சொல்லப்படும் பேலியோ டயட் என்றதும் நம்மூரில் பாதாம், முட்டை, பனீர், பட்டர் டீ என்று ஒரு பட்டியல் வந்துவிடும். இதைச் சாப்பிட்டு எடையும் சர்க்கரையும் குறைந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆதிமனிதன் இதைத்தான் சாப்பிட்டான் என்று சொல்லும்போதுதான் இடிக்கிறது. ஆடு மாட்டைப் பழக்கியே சுமார் பத்தாயிரம் வருடம்தான் ஆகிறது, அதற்கு முந்தைய வேட்டைக்காரனுக்குப் பனீர் எங்கே கிடைத்திருக்கும்?

சரி, இன்றும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்பவர்களைப் பார்க்கலாம். டான்சானியாவின் வடக்கே எயாசி ஏரிப் பக்கம் ஹட்சா மக்கள் இருக்கிறார்கள். அவர்களும் இந்த நூற்றாண்டு மனிதர்கள்தான், அம்புக்கு இரும்பு முனை வைக்கிறார்கள், ஆகவே ஆதிமனிதனின் நகல் என்று நினைத்துவிட வேண்டாம். இறைச்சி, கிழங்கு, காட்டுப் பழங்கள், பெருக்கமரக் காய், அப்புறம் தேன். தேனை அவர்கள் மருந்துபோல ஒரு ஸ்பூன் நக்குவதில்லை, சாப்பாட்டில் அது கணிசமான பங்கு. பொலிவியாவின் சிமானே மக்களோ இன்னும் ஒரு படி மேலே: வேட்டை, மீன்பிடிப்போடு கொஞ்சம் விவசாயமும் செய்யும் இவர்களுக்குக் கலோரியில் ஏறக்குறைய 70 சதவீதம் அரிசி, வாழை, மரவள்ளி போன்ற மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது. 2017-இல் வெளியான ஆய்வில் 705 பேருக்கு ஸ்கேன் எடுத்ததில் 85 சதவீதம் பேரின் இதய ரத்தக்குழாய்களில், அடைப்புக்கு அடையாளமான கால்சியம் படிவே இல்லை. முன்னோர் உணவு என்று ஒரே மெனு எதுவும் கிடையாது என்பது இதிலேயே தெரிகிறது.

ஆனால் ஹட்சாக்களிடம் கிடைத்த பெரிய ஆச்சரியம் சாப்பாட்டில் இல்லை. அமெரிக்க மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்ஸர் குழுவினர் அவர்கள் ஒரு நாளில் எவ்வளவு கலோரி எரிக்கிறார்கள் என்று அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். அளக்கும் முறை அழகானது. சற்றுக் கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். அந்த ஹைட்ரஜன் சிறுநீர், வியர்வை என்று தண்ணீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன் தண்ணீராகவும் போகும், மூச்சில் கார்பன் டை ஆக்சைடாகவும் போகும். அடுத்த சில நாட்கள் சிறுநீரைச் சோதித்து, இரண்டும் குறையும் வேகத்தில் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளிவந்தது, அதாவது உடம்பு எவ்வளவு எரித்தது என்று கணக்கிட்டுவிடலாம்.

ஆண்களுக்கு நாளைக்குச் சுமார் 2,600 கலோரி, பெண்களுக்கு 1,900. ஆண்கள் தினமும் சராசரியாக 11 கிலோமீட்டர் நடப்பவர்கள், பெண்கள் 6 கிலோமீட்டர் நடப்பதோடு பாறை மண்ணில் கிழங்கும் தோண்டுபவர்கள். இருந்தும் உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அமெரிக்கருக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

பான்ட்ஸர் சொல்லும் விளக்கம் சம்பளக் குடும்பத்தின் வரவு செலவு மாதிரி. ஒரு செலவு கூடினால் உடம்பு வேறு எதிலாவது கையைச் சுருக்குகிறது: தேவையில்லாத அழற்சி (உடம்பின் தற்காப்பு அமைப்பு காரணமின்றிக் கிளம்புவது), மன அழுத்த ஹார்மோன்கள், இனப்பெருக்க ஹார்மோன்கள். அளவு மீறிப் பயிற்சி செய்யும் வீராங்கனைகளுக்கு மாதவிடாய் நின்றுபோவது இந்தச் சுருக்கம் எல்லை தாண்டும்போதுதான். நாள் முழுக்க அசையாமல் இருப்பவரின் உடம்பில் மிச்சமாகும் ஆற்றல் அழற்சி போன்ற வேண்டாத வேலைகளுக்குப் போகலாம் என்பது அவருடைய வாதம். இதை முழுதாக ஏற்காத விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். 2021-இல் 1,754 பேரின் அளவீடுகளை அலசியபோது, கூடுதலாக அசைந்து எரிப்பதில் சராசரியாக 28 சதவீதத்தைத்தான் உடம்பு இப்படி வேறு பக்கம் ஈடுகட்டுகிறது என்று வந்தது. ஆக பயிற்சியில் எரிப்பது முழுவதும் வீணில்லை. இருந்தாலும் டிரெட்மில் திரையில் காட்டும் கலோரியை நம்பி இரண்டு பரோட்டா கூடச் சாப்பிடுவது ஆபத்துதான்.

அப்படியானால் உடற்பயிற்சி எதற்கு? சிம்பன்சியோடு ஒப்பிட்டால் புரியும். அது நாளில் பாதிக்கு மேல் தூக்கத்திலும் ஓய்விலும் கழிக்கிறது, நடப்பது மூன்று நான்கு கிலோமீட்டர் இருக்கும், ஆனாலும் ஒல்லியாகவே இருக்கிறது. நம் முன்னோர்களோ சுமார் இருபது லட்சம் வருடங்களாக நடந்தும் ஓடியும்தான் சாப்பாடு தேடினார்கள். அந்த ஓட்டத்துக்கு ஏற்றபடி இதயம், ரத்தக்குழாய், சர்க்கரையைக் கையாளும் விதம் எல்லாம் மாறிவிட்டன, அதனால் அசையாமல் இருந்தால் இவையெல்லாம் கெடுகின்றன. எடையைக் குறைக்க முதலில் கைவைக்க வேண்டியது தட்டில்தான். நடைப்பயிற்சி மற்ற எல்லாவற்றுக்கும், முக்கியமாகக் குறைந்த எடை திரும்ப ஏறாமல் இருக்க.

இன்னொன்று, ஹட்சாக்கள் ஓய்வே எடுக்காதவர்கள் இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 10 மணி நேரம் அவர்களும் சும்மாதான் இருக்கிறார்கள், நம்மைப் போலவே. ஆனால் அதில் கணிசமான நேரம் குத்துக்காலிட்டோ மண்டியிட்டோ இருப்பதால் கால் தசைகள் லேசாக வேலை செய்துகொண்டே இருக்கின்றன, நாற்காலியில் சாய்ந்தால் அவை கிட்டத்தட்ட ஓய்ந்துவிடும்.