அரங்கில் புரியாதது படிக்கட்டில் எப்படிப் புரிந்தது?

ஒரு வாசகர் எழுதியிருந்தார்: “ஈர்ப்பலைகள், அதாவது இடவெளியிலேயே பரவும் அதிர்வுகள், பற்றி ஓர் இயற்பியலாளர் முக்கால் மணி நேரம் பேசினார். படங்களெல்லாம் காட்டினார். எனக்கு ஒன்றும் நிற்கவில்லை. முடிந்த பிறகு படிக்கட்டில் அவரைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்டேன். ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. அதே மனிதர், அதே விஷயம். கூட நின்று கேட்டுக்கொண்டிருந்த என் நண்பருக்கு மட்டும் பாதிதான் புரிந்ததாம். ஏன் இப்படி?”

மேடையில் கடினமாகப் பேசியிருப்பார், கீழே வந்து எளிமையாகப் பேசியிருப்பார் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதில் நண்பரை விளக்கவில்லை. அவரும் அதே எளிய சொற்களைத்தானே கேட்டார்? எனக்கு இந்தக் கடிதத்தில் பிடித்ததே அந்த நண்பர்தான். அவருக்கு அப்புறம் வருவோம்.

முதலில் மேடை. 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி தன் ஆய்வுக்காக ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவருக்கு மனதுக்குள் பாட்டே ஓடுகிறது, எதிரில் இருப்பவருக்குக் கேட்பது வெறும் டொக் டொக். நிபுணரின் சிக்கலும் இதுதான். தன் காதில் ஓடும் பாட்டு அடுத்தவர் காதில் ஓடவில்லை என்பதை அவரால் உணரவே முடிவதில்லை. எத்தனை நல்லெண்ணம் இருந்தாலும் இது தானாகச் சரியாகாது. வெளியிலிருந்து யாராவது சொல்ல வேண்டும். உரையாடலில் அதைச் சொல்ல ஆள் இருக்கிறார்.

எப்படிச் சொல்கிறார் என்பதை ஹெர்பர்ட் கிளார்க், டியானா வில்க்ஸ்-கிப்ஸ் இருவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. மொழி பற்றிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. டேங்ராம் என்றொரு சீனப் புதிர் உண்டு. ஒரு சதுரத்தை ஏழு துண்டாக வெட்டி, துண்டுகளைச் சேர்த்து மனிதர், பறவை போல உருவங்கள் செய்வார்கள். அப்படிப்பட்ட 12 உருவங்களின் படங்களை இருவரிடமும் கொடுத்து, நடுவில் ஒரு தடுப்பு வைத்தார்கள். முதலாமவரின் படங்கள் ஒரு வரிசையில் இருக்கும். அவர் சொல்லச் சொல்ல, இரண்டாமவர் தன் படங்களையும் அதே வரிசையில் அடுக்க வேண்டும். இதை ஆறு முறை செய்தார்கள்.

இந்த உருவங்களுக்குப் பெயர் கிடையாது. அதனால் முதல் சுற்றில் ஒரே தடுமாற்றம். பனியில் சறுக்குகிறவர் மாதிரி இருக்கும், ஆனால் இரண்டு கையையும் முன்னால் நீட்டியிருக்கும் என்று ஒருவர் இழுத்து இழுத்துச் சொல்வார். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து “ம்?” வரும். சொன்னவர் திருத்திச் சொல்வார். இல்லையென்றால் கேட்பவரே ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பார். “சரி” என்று வந்த பிறகுதான் அடுத்த படம். ஆறாம் சுற்றில் அதே படத்துக்கு “சறுக்குகிறவர்” என்று சொன்னாலே போதும். ஒரு படத்துக்கு முதல் சுற்றில் சராசரியாக 41 சொற்கள் தேவைப்பட்டன, கடைசிச் சுற்றில் 8.

இந்தச் சுருக்கம் எப்படி வந்தது? சொல்பவர் யோசித்து நல்ல பெயர் வைத்ததால் அல்ல. அவர் நீட்டிய ஒரு சொல்லை எதிரில் இருந்தவர் ஏற்றுக்கொண்டார், அல்லது மறுத்து வேறொன்றைக் கொடுத்தார். இப்படி ஒப்புக்கொண்ட சொல் மட்டுமே நிலைத்தது. பொருள் அந்தச் சொல்லில் இல்லை, “இதைத்தானே சொல்கிறீர்கள்?”, “ஆமாம், அதேதான்” என்று இருவரும் செய்துகொண்ட உடன்பாட்டில் இருக்கிறது.

இப்போது நண்பர். 1989-இல் மைக்கேல் ஷோபரும் கிளார்க்கும் இதே விளையாட்டில் மூன்றாவதாக ஓர் ஆளைச் சேர்த்தார்கள். அவரிடமும் அதே படங்கள் இருக்கும். பேச்சு முழுவதையும் கேட்பார், ஆனால் வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல் விடாமல் கேட்டும், பேச்சில் கலந்துகொண்டவர் அளவுக்கு அவரால் படங்களைச் சரியாக அடுக்க முடியவில்லை. காரணம், பேச்சு அவருக்காக நிற்கவில்லை. பங்கேற்பவருக்குப் பிடிபட்ட நொடியில் “சரி” விழுகிறது, பேச்சு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறது. ஒட்டுக்கேட்பவருக்கு அப்போது பிடிபடாமல் இருந்திருக்கலாம். படிக்கட்டில் நின்ற நண்பரின் நிலை இதுதான். அந்த ஐந்து நிமிடமும் விஞ்ஞானியின் சொற்கள் வாசகரின் குழப்பத்துக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டவை. நண்பரின் குழப்பம் வேறாக இருந்திருக்கும்.

கேட்பவர் இவ்வளவு வேலை செய்கிறார் என்பதற்கு இன்னொரு அழகான சான்று உண்டு. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவேலஸ் குழுவினர், ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பிய கதையைச் சொல்லுமாறு சிலரிடம் கேட்டார்கள். எதிரில் இருந்தவர்களில் சிலருக்கு மட்டும் ரகசியமாக ஒரு வேலை கொடுத்தார்கள்: கதையில் குறிப்பிட்ட ஓர் எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். இவர்கள் மிகக் கவனமாகத்தான் கேட்டார்கள், ஆனால் கதையை அல்ல, எழுத்தை. கதையின் உச்சத்தில் முகம் சுளிக்கவில்லை, “ஐயையோ” என்று பதறவில்லை. விளைவு, கதை சொன்னவர் தடுமாறினார். முடிவைத் திக்கித் திக்கிச் சொன்னார், சொன்னதையே சுற்றிச் சுற்றி வந்தார், தனக்கு நடந்தது உண்மையிலேயே ஆபத்துதான் என்று வாதாடவும் செய்தார். 2000-இல் வெளிவந்த அந்த ஆய்வு கேட்பவர்களைக் கதையின் கூட்டாசிரியர்கள் என்கிறது. இருட்டான அரங்கில் முதல் வரிசையைத் தாண்டி எதுவும் தெரியாமல் பேசும் விஞ்ஞானிக்கு இந்தக் கூட்டாசிரியர் கிடைப்பதே இல்லை.

சரி, வாசகர் படிக்கட்டில் என்னதான் கேட்டார்? அதையும் எழுதியிருந்தார். ஈர்ப்பலை வரும்போது இடவெளி ஒரு திசையில் நீண்டு, குறுக்குத் திசையில் சுருங்குகிறது. ஈர்ப்பலையைப் பிடிக்க அமெரிக்காவில் கட்டிய லைகோ கருவிக்கு ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு கைகள், தலா 4 கி.மீ. நீளம். அவற்றில் லேசர் ஒளியை ஓடவிட்டு, புரோட்டானின் விட்டத்தைவிடப் பல மடங்கு சிறிய மாற்றத்தையும் கண்டுபிடிக்கிறார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று முதல் அலை சிக்கியது. இதுவரை விஞ்ஞானி மேடையிலேயே சொல்லிவிட்டார். வாசகரின் சந்தேகம் வேறு: “இடவெளி நீளும்போது அதற்குள் இருக்கும் ஒளியும் கூடவே நீளுமே? ஸ்கேலும் சேர்ந்து நீண்டால் எதை வைத்து அளப்பது?”

அருமையான கேள்வி. இயற்பியல் படிப்பவர்களையே திணற வைக்கும் கேள்வி. விஞ்ஞானி உடனே விளக்கத் தொடங்கவில்லையாம். “ஒளியை ஸ்கேல் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா?” என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். “ஆமாம்.” “ஓட்டக்காரர் மாதிரி நினைத்துப் பாருங்கள்.”

அந்த ஒரு மாற்றம் போதும். அலை வரும்போது கைக்குள் இருக்கும் ஒளி நீள்வது உண்மைதான். ஆனால் அந்த ஒளி அங்கேயே தங்குவதில்லை. 4 கி.மீ.-ஐ ஒருமுறை கடக்க அதற்குச் சுமார் 13 மைக்ரோ வினாடி ஆகிறது. கண்ணாடிகளுக்கு இடையே சில நூறு முறை போய்வந்தாலும் சில மில்லி வினாடியில் வெளியேறிவிடும். 100 ஹெர்ட்ஸ் ஈர்ப்பலை, அதாவது வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும் அலை, ஒருமுறை ஏறி இறங்க 10 மில்லி வினாடி எடுக்கும். அதற்குள் பழைய ஒளி போய், லேசரிலிருந்து வழக்கமான அலைநீளத்தோடு புதிய ஒளி வந்துகொண்டே இருக்கிறது. ஒளியின் வேகம் மாறாது, எனவே நீண்ட கையில் ஓடும் ஒளி தாமதமாகத் திரும்புகிறது, குறுகிய கையில் ஓடுவது முந்திக்கொள்கிறது. இரண்டும் சேரும்போது முகடும் முகடும் முன்போலப் பொருந்துவதில்லை. அளக்கப்படுவது அந்தப் பொருத்தமின்மைதான்.

வாசகரின் இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மை: “அப்படியானால் அலை மிக வேகமாக ஏறி இறங்கினால்?” ஒளி வெளியே வருவதற்குள் நீட்டமும் சுருக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கருவியின் உணர்திறன் குறையும். இந்தப் பதில் மேடைப் பேச்சில் இல்லவே இல்லை. கேட்டதால் மட்டுமே வந்தது.

இந்தப் படிக்கட்டுப் பேச்சையே ஓர் ஏற்பாடாக்கியவர் டங்கன் டல்லாஸ் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர். பிரான்சில் மார்க் சோத்தே நடத்திய தத்துவக் காபிக்கடைக் கூட்டங்களைப் பற்றி அறிந்து, 1998-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அறிவியலுக்கு அதேபோல ஒன்றைத் தொடங்கினார். விஞ்ஞானி சிறிது நேரமே பேசுவார், பிறகு ஓர் இடைவேளை, மீதி நேரம் முழுக்கக் கேள்விகள். இன்று பல நாடுகளில் இது நடக்கிறது.

இங்கே என் கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு விஞ்ஞானியின் பதவி உயர்வுக்கும் ஆய்வு நிதிக்கும் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். படிக்கட்டில் நின்று பேசிய நேரத்தை யாரும் எண்ணுவதில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்திலும் இதற்கென்று கொஞ்சம் நேரமும் பணமும் ஒதுக்கியே தீர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மூடநம்பிக்கையும் வதந்தியும் பரவுவது பேச்சு வழியாகத்தான். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நம் பயத்தைக் கேட்டு, அதற்கேற்பப் பதில் சொல்கிறார். அதற்கு எதிராக நாம் அனுப்புவது ஓர் அறிக்கை. அறிக்கையைப் பார்த்து “ம்?” என்று கேட்க முடியாது.

விஞ்ஞானியும் பேட்டியாளரும் பேசிக்கொள்ளும் வீடியோவைப் பார்த்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அங்கே நாம் எல்லோரும் அந்த நண்பரின் இடத்தில் இருக்கிறோம். ஆனாலும் ஓர் ஆறுதல் உண்டு. 1999-இல் ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ செய்த ஆய்வில், ஒருவரே பேசியதை ஒட்டுக்கேட்டவர்களைவிட இருவர் பேசியதை ஒட்டுக்கேட்டவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. அதனால்தான் தனக்கு எல்லாம் தெரிந்ததுபோலத் தலையாட்டும் பேட்டியாளரைவிட, “இருங்கள், எனக்குப் புரியவில்லை” என்று நிறுத்துகிறவரை எனக்குப் பிடிக்கும்.

நண்பருக்குப் புரியாமல் போன பாதி எது என்று வாசகர் எழுதவில்லை. நண்பரே எழுதினால் அங்கிருந்து தொடங்குகிறேன்.