கண்ணுக்குள் போடும் ஊசியும் காப்பீட்டு அட்டையும்

வலை முடைய உட்கார்ந்த ராமநாதபுரத்து மீனவருக்கு வலைக்கண் வளைந்தோ மங்கியோ தெரிந்தால், வயதாகிவிட்டது என்று கண்ணாடிக் கடைக்குப் போவார். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் அது விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருப்பதாகவும் இருக்கலாம். கண்ணாடியால் அது தீராது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வருவதாலேயே கண்ணையும் பார்த்தாகிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து, விழித்திரையை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கண்ணில் ஒரு குறையும் தெரியாதவருக்கும் இது பொருந்தும்.

நீர் கோத்திருந்தால் பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் என்ற மூன்று ஊசிகளில் ஒன்றைச் சொல்வார்கள். மூன்றும் கசிகிற ரத்தக் குழாய்களை அடக்குபவை. விலைதான் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். பெவாசிசுமாப் பெருங்குடல் புற்றுநோய்க்காக வந்த மருந்து. பெரிய குப்பியிலிருந்து சிறு அளவுகளாகப் பிரிப்பதால் மலிவு. பிரிக்கிற இடம் கிருமியில்லாமல் இருப்பது முக்கியம்.

மலிவானது மட்டமா? அமெரிக்காவில் 660 பேரிடம் மூன்றையும் ஒப்பிட்டு 2015இல் முடிவை வெளியிட்டார்கள். பார்வை ஓரளவே குறைந்து, கண் பரிசோதனைப் பலகையில் 6/12 வரிசைவரை படிக்க முடிந்தவர்களிடம் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. அதைவிட மோசமானவர்களுக்கு முதல் ஆண்டில் அஃப்லிபெர்செப்ட் முந்தியது. இரண்டாம் ஆண்டு முடிவில் ரானிபிசுமாப் ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டது. 2022இல் வந்த இன்னோர் ஆய்வில், பெவாசிசுமாபில் தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் அஃப்லிபெர்செப்டுக்கு மாறியவர்களின் பார்வையும், தொடக்கத்திலிருந்தே அஃப்லிபெர்செப்ட் போட்டவர்களின் பார்வையும் இரண்டாண்டில் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் பத்தில் ஏழு கண்களுக்கு மாற வேண்டியிருந்தது. ஆகவே, சீக்கிரம் வந்தவர் நகையை அடகு வைத்து விலையுயர்ந்த ஊசியில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

இனி அட்டை. ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்கு மிகாத குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். பணம் கையில் வராது. பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டுமே செல்லும்; பட்டியலில் இல்லாததற்கு அட்டையில் எவ்வளவு மீதமிருந்தும் பயனில்லை. மதுரைக்குப் பஸ் ஏறுமுன் 1800 425 3993 என்ற எண்ணில், மருத்துவர் எழுதிய ஊசியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு ஊசிக்கா, அடுத்தடுத்த ஊசிகளுக்குமா என்பதையும் கேளுங்கள். எல்லோரும் கேட்க மறப்பது இதைத்தான்.

ஏனென்றால் ஒன்றோடு முடிவதில்லை. 2015 ஆய்வில் முதல் ஆண்டில் மட்டும் ஒன்பது, பத்து ஊசிகள் தேவைப்பட்டன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் ஊசிக்கு ஒழுங்காகப் போய்விட்டு, படகு கடலில் இறங்கியதும் தேதியை விட்டுவிட்டால் நீர் மறுபடி கோத்துக்கொள்ளும். முதல் நாளே மருத்துவரிடம் கடலுக்குப் போகும் நாட்களைச் சொல்லித் தேதி வாங்குங்கள். ஊசி போட்ட பிறகு வலியோ சிவப்போ கூடினால், பார்வை இறங்கினால், அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றே போய்க் காட்டுங்கள்.